அப்புவின் சுருட்டும் பிள்ளையின் மூச்சும்



சில மாதங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் குசினிப் புகையைப் பற்றி எழுதியிருந்தேன். 2022ஆம் ஆண்டு எரிவாயு சிலிண்டருக்காக வரிசையில் நின்று களைத்து, விறகடுப்புக்குத் திரும்பியவர்களை மனதில் வைத்து எழுதியது அது. அதை வாசித்துவிட்டுக் கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருந்தார். அவருடைய அனுமதியோடு, பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, அதில் ஒரு பகுதியை இங்கே தருகிறேன்.

"அக்கா, எங்கள் வீட்டில் குசினி வெளியில் இருக்கிறது. அந்தப் புகையால் பிரச்சினை இல்லை. புகை வருவது அப்புவின் அறையிலிருந்து. அவர் என் அம்மாவின் தகப்பன். ஒரு நாளைக்கு ஆறு, ஏழு சுருட்டுப் பத்துவார். மகனுக்கு நான்கு வயது. இழுப்பு வந்தால் இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். போன மாதம் மட்டும் மூன்று தரம் ஓடினேன். அப்புவின் அறைக்கு ஒரு பான் பூட்டினால் புகை வெளியே போய்விடுமா? எந்தப் பக்கம் பூட்ட வேண்டும்? கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள். எனக்கு இப்போது ஐந்து மாதம்."

கடைசி வரியை அவர் சும்மா செய்தி போல எழுதியிருந்தார். நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன்.

அடுத்த பக்கத்தில் அவரே காரணத்தையும் சொல்லியிருந்தார். 2009இல் அவருக்குப் பத்து வயது. தாய், தகப்பன், தம்பி மூவரையும் ஒரே இடத்தில் இழந்தவர். பதுங்குகுழியிலிருந்து இவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர் அப்புதான். அந்த ஓட்டத்தில் அப்புவுக்கு ஒரு கால் போனது. பிறகு முகாம், தறப்பாள் கொட்டில், கடைசியில் வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு. வீடு அப்புவின் பெயரில் இருக்கிறது. "அவருடைய வீட்டில், அவர் வளர்த்த நான், வெளியே போய்ப் பத்துங்கோ என்று எந்த வாயால் சொல்வது?" என்று கேட்டிருந்தார்.

சகோதரிகளே, ஒரு மின்விசிறியைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் இது அவ்வளவு சின்னக் கேள்வி இல்லை. இருந்தாலும் அவர் கேட்டது விசிறியைப் பற்றி. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்குப் புகையிலைக் குடில் என்றால் என்னவென்று தெரியும். வெற்றிலையோடு சப்புகிற புகையிலையைப் பதப்படுத்த, இலையை உள்ளே கட்டித் தொங்கவிட்டு, கீழே தேங்காய்ப் பொச்சைப் புகையவிட்டு, வாசலை அடைத்துவிடுவார்கள். நெருப்பு எரியக் கூடாது, புகைய மட்டும் வேண்டும். புகை வெளியே போகாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி இலையில் ஏறும். குடிலைத் திறந்து எத்தனை நாள் போனாலும் இலையை விட்டு அந்த மணம் போகாது. அதற்காகத்தானே குடிலைப் போடுகிறோம்.

அப்புவின் அறையும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், அங்கே இலைக்குப் பதிலாகத் தொங்குவது உங்கள் சேலையும் பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டையும் நுளம்பு வலையும். மெத்தை, தலையணை, திரைச்சீலை, சுவர்ச் சுண்ணாம்பு எல்லாம் புகையைக் குடித்து வைத்துக்கொள்ளும். சுருட்டு அணைந்து பல மணி நேரம் கழிந்தும், வெயிலேறி அறை சூடாகும்போது அதிலுள்ள நிக்கொட்டீனும் மற்றச் சரக்குகளும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் திரும்பி வரும். பிள்ளை தவழ்கிற நிலத்திலும் அது படிந்திருக்கும். அப்பு பத்தாத நேரத்திலும் பிள்ளைக்கு இருமல் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டு விடயங்களை எல்லோரும் பிழையாக விளங்கி வைத்திருக்கிறோம். ஒன்று, சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை, வாயில் வைத்து விடுகிறார்கள், அதனால் சிகரெட்டைவிடக் கெடுதி குறைவு என்ற கதை. சுருட்டுப் புகையிலிருந்து நிக்கொட்டீன் வாயின் உட்தோலாலேயே உடம்பில் சேர்ந்துவிடும், உள்ளே இழுக்கத் தேவையில்லை. வாய்ப் புற்றுநோய்க்கும் தொண்டைப் புற்றுநோய்க்கும் சுருட்டு நேரான காரணம். பக்கத்தில் இருப்பவருக்கோ, அவர் இழுத்தாலும் ஒன்று, இழுக்காவிட்டாலும் ஒன்று. அறையை நிரப்புகிற புகையில் பெரும் பங்கு, சும்மா விரலிடுக்கில் கனன்றுகொண்டிருக்கும் நுனியிலிருந்து வருவது. சுருட்டு சிகரெட்டை விட நீண்ட நேரம் கனலும். நம்முடைய ஆட்கள் பாதியில் அணைத்துக் காதில் செருகி வைத்துவிட்டு மீண்டும் பற்றவைப்பார்கள். ஒரு சுருட்டு ஒரு பின்னேரம் முழுவதும் ஓடும்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரிகிற புகை கலைந்துவிட்டால் காற்றுச் சுத்தமாகிவிட்டது என்ற எண்ணம். சுருட்டுப் புகையில் இருக்கும் துகள்கள் ஒரு தலைமயிரின் தடிப்பில் நூறில் ஒரு பங்குகூட வராதவை. அவை தூசி போலக் கீழே விழுந்து அடங்குவதில்லை. மணிக்கணக்காக மிதக்கும். மூக்கு மயிரும் சளியும் அவற்றைப் பிடித்து நிறுத்த மாட்டா, நேரே நுரையீரலின் அடி வரை போகும். கூடவே காபனோரொட்சைட்டு என்ற வாயுவும் வரும், அதற்கு மணமே கிடையாது. இழுப்புள்ள பிள்ளையின் மூச்சுக்குழாய் ஏற்கெனவே வீங்கி ஒடுங்கிப்போயிருக்கிறது. வளர்ந்த ஆளுக்கு ஒரு செருமலோடு போகிற புகை, அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் தாயின் இரத்தத்தின் வழியாக அது போகும். மற்றவர் விடும் புகையைத் தொடர்ந்து சுவாசிக்கும் தாய்மாருக்கு நிறை குறைந்த பிள்ளை பிறக்கும் சாத்தியம் கூடுகிறது.

இனி விசிறி.

கூரையில் தொங்குகிற விசிறியோ மேசை விசிறியோ புகையை வெளியேற்றாது, கலக்கும். ஒரு மூலையில் நின்ற புகையை வீடெங்கும் பரப்பிவிடும். சுவரில் பூட்டிக் காற்றை வெளியே தள்ளுகிற விசிறி வேறு வகை, அது உண்மையில் புகையை வெளியே தள்ளும். ஆனால் ஒரு பக்கத்தால் காற்று வெளியே போக வேண்டுமென்றால் இன்னொரு பக்கத்தால் காற்று உள்ளே வர வேண்டும். கதவையும் யன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டு விசிறியைப் போட்டால் அது சத்தம் போடுமே தவிர வேலை செய்யாது. கதவின் கீழே இரண்டு விரல் இடைவெளி விட்டு, விசிறியை எதிர்ச் சுவரில் உயரத்தில், காற்று வந்து அடிக்காத பக்கமாகப் பூட்ட வேண்டும். சூடான புகை மேலே ஏறும் என்பதால் உயரம் முக்கியம். காற்று அடிக்கிற பக்கத்தில் பூட்டினால் விசிறி தள்ளிய புகையைக் காற்றுத் திருப்பி உள்ளே தள்ளும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் உங்கள் வீட்டில் ஒரு தடை இருக்கிறது. அண்ணாந்து பாருங்கள். வீட்டுத்திட்டத்து வீடுகளில் பலவற்றுக்கு உட்சீலிங் கிடையாது. அறைகளைப் பிரிக்கிற சுவர் கூரை வரை போகாமல் இடையில் நின்றுவிடும். அப்பு கதவைச் சாத்திக்கொண்டு பத்தினாலும் புகை மேலே ஏறி, சுவருக்கு மேலால் வழிந்து, பிள்ளை படுக்கிற அறையில் இறங்கும். கதவைச் சாத்தியது மரியாதைக்கு மட்டும்தான்.

பணமுள்ள நாடுகளில் சிலர் வீட்டிலேயே சுருட்டுக்கென்று தனி அறை கட்டுகிறார்கள். அமெரிக்காவில் இது ஒரு பெரிய வியாபாரம். கதவைச் சுற்றி இறப்பர் வைத்து அடைத்து, அறையின் காற்றழுத்தத்தை வீட்டின் மற்றப் பகுதியை விடக் குறைத்து வைத்து, பெரிய விசிறியால் காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேலே விட்டு, கரி வடிகட்டியும் போடுகிறார்கள். ஒரு வீட்டின் பெறுமதியை அந்த ஓர் அறைக்குச் செலவழிப்பவர்களும் உண்டு. அந்த நாட்டிலேயே 2006ஆம் ஆண்டு அரசின் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிக்கை, மற்றவர் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று இல்லை, அறையைப் பிரிப்பதாலோ காற்றை வடிகட்டுவதாலோ காற்றோட்டத்தாலோ அதை முற்றாக நீக்க முடியாது என்று சொல்லிவிட்டது. விசிறி, குளிரூட்டி அமைக்கும் பொறியியலாளர்களின் சங்கமும் அதற்கு முந்தைய ஆண்டில் அதையே சொன்னது. விசிறி விற்று, பூட்டிப் பிழைக்கிற தொழிலைச் சேர்ந்தவர்களே விசிறி போதாது என்று சொன்னால் நாங்கள் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே அந்தச் சகோதரிக்கு நான் எழுதிய பதில் இதுதான்: தங்கச்சி, விசிறிக்குச் சேர்த்து வைத்திருக்கிற காசைத் தொட வேண்டாம். அந்தக் காசில் நான்கு மரத்தூணும் தகரமும் நல்ல சாய்மனைக் கதிரை ஒன்றும் வாங்குங்கள்.

வளவில் ஓர் இடம் அமைப்பதைத்தான் சொல்கிறேன். சுவர் கூடாது. நான்கு தூண், மேலே கூரை, நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். ஒரு பக்கத்தை அடைத்துவிட்டாலே அங்கும் புகை தங்கத் தொடங்கும். விறாந்தை வெளியிடம்தானே என்று கேட்பீர்கள். விறாந்தையில் பத்தினால் திறந்த யன்னலாலும் கதவாலும் புகை நேரே உள்ளே வரும். கிணற்றடி போல வீட்டை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும், ஆனால் பொய்க்காலோடு நடந்து போகக்கூடிய தூரமாகவும் இருக்க வேண்டும். பாதையில் மணல் புதையுமென்றால் செங்கல்லை அடுக்கி ஓர் ஒற்றையடிப் பாதை போட்டுவிடுங்கள், ஊன்றுகோல் சறுக்காது.

எந்த மூலை என்று கேட்டால், எங்கள் பக்கத்தில் காற்று ஆண்டுக்கு இரண்டு தரம் திசை மாறும் என்பதை நினைவில் வைத்திருங்கள். வைகாசி தொடக்கம் புரட்டாதி மட்டும் தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கும். மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை. வீட்டுக்குத் தென்மேற்கில் கொட்டிலைப் போட்டால் சோளகத்தில் புகை முழுவதும் வீட்டுக்குள் வரும். வடகிழக்கில் போட்டால் வாடையில் வரும். வடமேற்கு மூலையோ தென்கிழக்கு மூலையோ நல்லது. அங்கே இருந்தால் எந்தக் காற்றுக்கும் புகை வீட்டை உரசாமல் பக்கத்தால் போய்விடும். பக்கத்து வளவில் குழந்தை இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுப் புகையை வேலிக்கு மேலால் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்க ஏலாது.

கூரைக்குக் கிடுகு குளிர்ச்சியானதுதான். ஆனால் சுருட்டுப் பொறி பட்டால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. கிடுகுதான் கிடைக்குமென்றால் நன்றாக உயர்த்திப் போடுங்கள். கதிரைக்குப் பக்கத்தில் ஒரு பால்மாப் பேணியில் பாதிக்கு மணல் போட்டு வையுங்கள், சாம்பலும் கட்டையும் அதற்குள் போகட்டும். அறையில் பத்தி வந்த காலத்தில் நுளம்பு வலை எரிந்து ஓட்டை விழுந்திருந்ததாக இந்தச் சகோதரி எழுதியிருந்தார். படுக்கையில் பத்திக்கொண்டே அயர்ந்துவிடுகிற வயதானவர்களுக்கு இது புகையைவிட அவசரமான ஆபத்து.

படுக்கையை விட்டு எழும்பவே முடியாதவர்கள் இருக்கிற வீடுகளும் உண்டு. முள்ளந்தண்டில் காயப்பட்டுப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டிலோடு இருப்பவர்களை நான் அறிவேன். அவர்களைச் சக்கர நாற்காலியில் வைத்து வெளியே கொண்டு போக ஆளில்லாத நேரமும் இருக்கும். அப்படியானால் அவருடைய கட்டிலை வீட்டின் ஓர் ஓரத்து அறைக்கு மாற்றுங்கள். அந்த அறையில் எதிரெதிராக இரண்டு யன்னல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் யன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் உயரத்தில் ஒரு துவாரம் திறவுங்கள். உள்ளகச் சுவருக்கும் கூரைக்கும் இடையில் உள்ள வெளியைப் பலகையாலோ தடித்த தறப்பாளாலோ அடைத்துவிடுங்கள். அங்குதான் அந்த வெளியே தள்ளும் விசிறிக்கு வேலை இருக்கிறது. சுருட்டு அணைந்த பிறகும் நீண்ட நேரம் அது ஓடட்டும். பிள்ளைகளின் உடுப்பு, படுக்கை, புத்தகம் எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது, பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அங்கே போயிருந்து கதைக்கும் பழக்கமும் வேண்டாம். இது புகையைக் குறைக்கும் வழி மட்டுமே. இழுப்புள்ள பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இது போதும் என்று நான் சொல்ல மாட்டேன்.

சாம்பிராணி போடுவது, ஊதுபத்தி கொளுத்துவது, வாசனைத் தண்ணீர் தெளிப்பது எல்லாம் மணத்தை மறைக்கும் வேலை. புகைக்கு மேல் புகை போட்டு என்ன காண்கிறோம்?

இனி, எந்த வாயால் சொல்வது என்று அவர் கேட்டதற்கு வருகிறேன். இதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன்.

என்னுடைய ஐயாவும் சுருட்டுக்காரர்தான். தெற்கிலே ஒரு பட்டணத்தில் சுருட்டுக்கடையில் நின்று உழைத்து எங்களைப் படிக்க வைத்தவர். யாழ்ப்பாணத்தவர்களுக்குச் சிங்கள ஊர்களிலெல்லாம் சுருட்டுக்கடை இருந்த காலம் அது. இங்கே ஊரில் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பேப்பர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். படிப்பில்லாத எத்தனையோ பேர் உலக நடப்பை அங்கேதான் அறிந்தார்கள். புகையிலையில் வாழ்ந்த குடும்பங்கள் எங்களில் நிறைய. தோட்டக்காரரையும் சுற்றுகிறவரையும் குறை சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை.

1995 ஒக்ரோபர் முடிவில் யாழ்ப்பாணம் முழுவதும் வெளிக்கிட்டபோது, ஐயா தன்னுடைய வீட்டு உறுதியையும் ஒரு கட்டுச் சுருட்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு நடந்தார். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நான்கு குடும்பங்கள் இருந்தோம். அங்கே ஒரு கைக்குழந்தை. ஐயா பத்தினால் அது இருமும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு நாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் சுருட்டுக் கட்டை எடுத்து ஒளித்துவிட்டேன். எல்லோருக்கும் முன்னால் அவர் தேடினார். நானும் வாய் திறக்கவில்லை. பிறகு கண்டுபிடித்துவிட்டார். ஏசவில்லை. மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நான்காம் நாள், "வீடு போச்சு, கடை போச்சு. இதையும் நீ பறிக்கப் போறியோ பிள்ளை?" என்றார்.

பக்கத்துக் குடும்பத்து ஆச்சி ஒருவர்தான் அதைத் தீர்த்து வைத்தார். அவவும் சுருட்டுப் பத்துகிறவ. ஒரு விடியற்காலையில் ஐயாவிடம் வந்து, "தம்பி, அந்த வேம்புக்குக் கீழே நல்ல காத்து. வாரும், அங்கை இருந்து கதைப்பம்" என்று கூட்டிக்கொண்டு போனா. பிள்ளையைப் பற்றி அவ ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து ஐயா தானாகவே வேம்படிக்குப் போனார். துணைக்கு ஆளும் பேச்சும் இருந்ததால் போனார் என்று இப்போது எனக்கு விளங்குகிறது. அறைக்குள் தனியாக இருந்து பத்துகிற முதியவர்களில் பலர், சுருட்டைவிட அந்த நேரத்தைப் போக்குவதற்கே பத்துகிறார்கள்.

அதனால் கதிரையை மட்டும் கொண்டுபோய் வெளியே போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். அங்கே இன்னொரு வாங்கும் இருக்கட்டும். வானொலியையும் பத்திரிகையையும் அங்கே வையுங்கள். அவர் சுருட்டு எடுக்காத நேரத்தில் நீங்களும் ஒரு தேத்தண்ணியோடு போய் இருங்கள். தள்ளி வைத்துவிட்டார்கள் என்று அவருக்குத் தோன்றினால் அடுத்த நாளே அறைக்குத் திரும்பிவிடுவார்.

சொல்லும்போது சட்டத்தைக் கொண்டு வர வேண்டாம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்திருக்கிறது. அது வீட்டுக்குள் வராது. ஆனால் அந்தச் சட்டத்தில் வீட்டுக்கு உதவக்கூடிய ஒன்று இருக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. "ஓடிப்போய் ரெண்டு சுருட்டு வாங்கிக்கொண்டு வா" என்று பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புகிற பழக்கம் எங்களில் எத்தனை வீடுகளில் இருக்கிறது? கடைக்காரர் கொடுப்பதே பிழை. பிள்ளையை அனுப்புவதை நிறுத்தினால், வாங்கி வருவதற்கு ஆளில்லாமலே எண்ணிக்கை குறைகிற வீடுகளையும் கண்டிருக்கிறேன்.

பிள்ளையின் இழுப்பைப் பற்றி டொக்டர் சொன்னால் முதியவர்கள் கேட்பார்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது முடிந்தால் அப்புவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூக்கில் மூடியை வைத்துப் பிள்ளை ஆவி மருந்து இழுக்கிறதை அவர் பக்கத்திலிருந்து பார்க்கட்டும். வீட்டுக்கு வருகிற குடும்பநல மருத்துவ மாதுவிடமும் சொல்லி வையுங்கள், வயிற்றுப் பிள்ளையைப் பற்றி அவ சொன்னால் அதற்கு வேறு மதிப்பு.

அப்பு வெளியே போகத் தொடங்கிய பிறகு அறையை ஒரு தரம் முழுவதுமாகக் கழுவ வேண்டும். திரைச்சீலை, வலை, விரிப்பு எல்லாவற்றையும் சவர்க்காரத்தில் ஊறவைத்துத் துவையுங்கள். மெத்தையையும் தலையணையையும் பல நாள் வெயிலில் போடுங்கள். பஞ்சு ஊறிப்போயிருந்தால் மாற்றுவதே நல்லது. சுவரைத் துடைத்துவிட்டுப் புதிதாகச் சுண்ணாம்பு அடியுங்கள். கழுவும் வேலையைக் கர்ப்பமாயிருக்கிற நீங்கள் செய்ய வேண்டாம், வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து லீவில் வரும்போது செய்யட்டும். வெளியே பத்திவிட்டு வந்ததும் அப்பு கையையும் வாயையும் கழுவி, ஒரு மேற்சட்டையை மாற்றிக்கொண்டு பிள்ளையைத் தூக்கினால் போதும். அந்தச் சட்டை கொட்டில் தூணிலேயே தொங்கட்டும்.

இதையெல்லாம் எழுதி அனுப்பி இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து மறுகடிதம் வந்தது. கொட்டில் போட்டாயிற்று, தென்கிழக்கு மூலையில், மாமரத்தடியில். தூண் நட்டதே அப்புதான். எந்த இடம், எவ்வளவு உயரம் என்று அவரே நின்று சொன்னாராம். பின்னேரத்தில் பக்கத்து வளவுப் பெரியவர் இரண்டு பேர் வருகிறார்கள். மகன் அந்த இரண்டு மாதத்தில் ஒரு தரம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனான். ஒரு தரம் போனதற்கும் மழைக்குளிர்தான் காரணமென்று டொக்டர் சொன்னாராம். புகை குறைந்ததால் மட்டும் இது என்று நான் சொல்லத் துணியவில்லை. இழுப்பு கூடிக் குறைவதற்குப் பல காரணங்கள் இருக்கின்றன.

கடிதத்தின் முடிவில் இன்னொரு கேள்வி. "அக்கா, இரவு இரண்டு மணிக்கு அப்புவுக்கு நித்திரை முறியும். இருட்டில் வெளியே போகப் பயம். பொய்க்காலைக் கழற்றி வைத்திருப்பார். யன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஒன்று பத்துகிறார். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார். மணம் வருகிறது. அந்த நேரத்தில் அவர் என் அம்மாவின் பெயரைச் சொல்வதும் கேட்கிறது. நான் என்ன செய்ய?"

இரவில் எழும்பிப் போய் ஒன்றும் சொல்ல வேண்டாம், தங்கச்சி. விடிந்து, அவர் முதல் சுருட்டைப் பற்றவைக்க முந்தி, மாமரத்தடிக்குத் தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். இரவில் நித்திரை வருகுதில்லையோ என்று மட்டும் கேளுங்கள். சுருட்டைப் பற்றிக் கேட்க வேண்டாம். அம்மாவைப் பற்றி அவர் கதைக்கத் தொடங்கினால் கதைக்க விடுங்கள். நித்திரையில்லாத முதியவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மனநலக் கிளினிக்கில் உதவி இருக்கிறது, அதைப் பிறகு ஒரு நாள் ஆறுதலாகச் சொல்லலாம். கட்டிலடியில் ஒரு ரோர்ச் லைட்டும் சாய்ந்து போகக் கைபிடிக் கம்பும் இன்றைக்கே வைத்துவிடுங்கள்.